டொராண்டோ குளிருக்கு ஒரு கம்பளி ஓவர்கோட்: பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

டொராண்டோவில் என் முதல் குளிர்காலத்துக்கு வாங்கிய கருப்புக் கோட் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கடையில் ‘வுல் கோட்’ என்று எழுதித்தான் மாட்டியிருந்தார்கள், பாதி விலை வேறு. ஜனவரியில் ஒரு காலை, ஸ்கார்பரோவில் பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்றபோது காற்று அந்தத் துணியைத் துளைத்துக்கொண்டு முதுகுவரை வந்தது. உள்ளே ஸ்வெட்டர் போட்டிருந்தும் பல் கிட்டியது. மாலையில் வீட்டுக்கு வந்து உள்பக்க லேபிளைத் தேடிப் படித்தேன். கம்பளி 30 சதவீதம், மீதியெல்லாம் பாலியெஸ்டர்.

அதன்பிறகு கோட் வாங்குவதை ஒரு பாடமாகவே படித்தேன். இப்போது ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கைகளைக் கடைக்குக் கூட்டிப்போவது என் வேலையாகிவிட்டது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: கோட் குளிரைத் தாங்குமா என்பதை அதன் விலையோ பெயரோ சொல்லாது. துணியின் எடையும் நெருக்கமும், காற்று நுழையும் வழிகள் எவ்வளவு அடைபட்டிருக்கின்றன என்பதும்தான் சொல்லும்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு குளிர் என்று பாருங்கள்

ஊரின் குளிரை மட்டும் பார்த்தால் போதாது, நீங்கள் அதில் எத்தனை நிமிடம் நிற்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டொராண்டோவில் ஜனவரிப் பகல் பெரும்பாலும் சுழியத்தை ஒட்டியும், இரவு மைனஸ் 6, மைனஸ் 7 வாக்கிலும் இருக்கும். இடையிடையே மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும் நாட்களும் உண்டு. லண்டனில் ஜனவரிப் பகல் 8 டிகிரி வரை போகும், இரவில் 2, 3 டிகிரி. அங்கே ஈரமும் தூறலும்தான் தொல்லை. லண்டனுக்குப் பொருத்தமான கோட் இங்கே டிசம்பரிலேயே தோற்றுவிடலாம்.

அப்புறம் காற்று. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போலத் தெரியும். வானிலைச் செய்தியில் ‘விண்ட் சில்’ என்று சொல்லும் எண் இதுதான். கோட் வாங்கும்போது வெப்பநிலையைவிட இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஒருநாள் பாதையை நினைத்துப் பாருங்கள். யூனியன் நிலையத்தில் இறங்கி, நகர மையத்தின் அடியில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ‘பாத்’ சுரங்க நடைபாதை வழியாகவே அலுவலகம் போகிறவருக்கு நடுத்தரக் கோட் போதும். மிகக் கனமான கோட் போட்டால் சப்வேயில் வியர்த்துப்போய், வெளியே வரும்போது அந்த ஈரமே குளிரும். ஃபின்ச் சாலையிலோ மார்க்கம் சாலையிலோ திறந்தவெளியில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குக் கனமானது வேண்டும். காரிலேயே போய்வருகிறவர் நீளமான கோட் வாங்கினால் உட்காரும்போது அவதிப்படுவார். தொடையின் நடுவில் முடிவது அவருக்குச் சரி.

படி 2: லேபிளைத் தேடிப் படியுங்கள்

கனடாவில் விற்கும் ஆடையில் என்ன நார் எத்தனை சதவீதம் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் உள்பக்க இடதுபுறத் தையலிலோ, உள் பையின் அடியிலோ இருக்கும். ‘லேன்’ என்று பிரெஞ்சில் பார்த்தால் அது கம்பளி. வெளித்துணி, லைனிங், இடைத்துணி மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். லைனிங்குக்கான ‘100 சதவீதம் பாலியெஸ்டர்’ என்ற வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது வெளித்துணியின் கணக்கு.

கம்பளி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நம்பி மேலே பார்க்கலாம். 80 கம்பளியும் 20 நைலானும் என்பது பழைய, நல்ல கலவை. அந்த நைலான் ஏமாற்று வேலை இல்லை. முழங்கை, பை வாய் போன்ற உரசும் இடங்கள் சீக்கிரம் தேயாமல் காப்பாற்றுகிறது. கம்பளி 60 சதவீதத்துக்குக் கீழே போய், மீதி பாலியெஸ்டரும் அக்ரிலிக்குமாக இருந்தால் நான் கோட்டைத் திரும்ப மாட்டிவிடுவேன். அப்படிப்பட்ட துணியில் இரண்டாவது குளிர்காலத்துக்குள் அக்குளிலும் பைப் பக்கத்திலும் சின்னச் சின்ன உருண்டைகள் கிளம்பிவிடும்.

‘மறுசுழற்சிக் கம்பளி’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இத்தாலியின் பிராட்டோ நகரம் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்குவதில் பேர்போனது. அங்கிருந்து அருமையான துணிகளும் வருகின்றன. ஆனால் கிழிக்கும்போது நார் குட்டையாகிறது, குட்டை நார் சீக்கிரம் உதிரும், உருண்டை கட்டும். தொட்டுப் பார்த்து, கட்டைவிரலால் ஓர் ஓரத்தை இருபது முறை தேய்த்துப் பாருங்கள். பஞ்சு போல எழுந்து வந்தால் வேண்டாம்.

காஷ்மீரி கம்பளி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ‘10 சதவீதம் காஷ்மீரி’ என்பது கைக்கு மென்மையாக இருக்கும், விலையைக் கூட்டும், குளிருக்குப் பெரிய வித்தியாசம் செய்யாது. முழுக்க காஷ்மீரி என்றால் எடைக்கு ஏற்ற கதகதப்பு நிச்சயம் உண்டு. ஆனால் தினமும் தோளில் பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிறவருடைய தோளில் அது தேய்ந்துவிடும். முதல் கோட்டாக அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 3: துணிதான் எல்லாம்

இதில் அவசரப்படாதீர்கள். கடையில் ஒரு மணி நேரம் இருக்கப்போகிறீர்கள் என்றால் நாற்பது நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

கம்பளி ஏன் சூடாக இருக்கிறது? ஆட்டு ரோமம் நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கிடையே காற்று அகப்பட்டு அசையாமல் நிற்கிறது. அசையாத காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. இன்னொன்றும் உண்டு: கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை நாருக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும், தொட்டால் நனைந்ததுபோலத் தெரியாது. சப்வேயில் லேசாக வியர்த்து வெளியே வரும்போது இதன் அருமை புரியும்.

ஆனால் காற்று துணிக்குள் அடித்தால் அந்த அசையாத காற்று கலைந்துவிடும். அதனால்தான் பஞ்சு மாதிரிப் புசுபுசு என்று தளர்வாக நெய்த கோட், கையில் தடிமனாக இருந்தும் பஸ் நிறுத்தத்தில் உதவாது. அடர்த்தி வேண்டும். அடர்த்திக்குப் பேர்போனது ‘மெல்டன்’ துணி. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரிலுள்ள மெல்டன் மோப்ரே ஊரின் பெயரால் வந்தது. நெய்த கம்பளியை ஈரத்தில் வைத்து அடித்து மிதித்துச் சுருங்கவைப்பார்கள். நூலும் நூலும் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். பிறகு மேற்பரப்பைத் தூக்கி மட்டமாகக் கத்தரிப்பார்கள். விரலால் தடவினால் இழை தனியாகத் தெரியாது, ஒரே பலகை போலிருக்கும். கடற்படை மாலுமிகளின் குட்டைக் கோட் பெரும்பாலும் இந்த வகைத் துணியில் தைக்கப்பட்டு வந்தது. ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ‘லோடன்’ துணியும் இதே முறையில் இறுக்கப்படுவதுதான். தூறலையும் கொஞ்சம் தாங்கும். ‘ட்வீட்’ அழகு, உறுதி. ஆனால் பெரும்பாலான ட்வீட்டில் நெசவு கொஞ்சம் திறந்திருக்கும், பலத்த காற்றுக்கு அது மெல்டன் அளவுக்கு நிற்காது. அக்டோபர், நவம்பருக்கு ட்வீட் எனக்கு மிகவும் பிடிக்கும்.

துணியின் எடையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பது ஒன்று. தையற்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் சொல்வது, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் நீளம் இத்தனை கிராம் என்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு ஒன்றரை மடங்கு தவறிப்போகும். பழைய ஆட்கள் அவுன்ஸில் சொல்வார்கள்: ஒரு கஜத்துக்கு 24 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு 490 கிராம் வாக்கில், 32 அவுன்ஸ் என்றால் 660 வாக்கில். டொராண்டோவில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குச் சதுர மீட்டருக்கு 500 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. 350, 400 எல்லாம் இலையுதிர்காலத்துக்கு.

பிரச்சினை என்னவென்றால் பெரும்பாலான கடைகள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. விற்பவருக்கே தெரியாது. அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது 23 கிலோ தாண்டாமல் பெட்டி நிறுக்க ஒரு கைத்தராசு வைத்திருப்போமே, அதைக் கையோடு கொண்டுபோங்கள். ஹேங்கரோடு கோட்டை அதில் மாட்டி நிறுத்துப் பாருங்கள், ஹேங்கர் எடையைக் கழித்துவிடுங்கள். முழங்கால் வரை வரும் நடுத்தர அளவு ஆண் கோட் 1.8 கிலோவிலிருந்து 2.5 கிலோவுக்குள் இருந்தால் அது உண்மையான குளிர்காலக் கோட். 1.5 கிலோவுக்குக் கீழே என்றால் இலையுதிர்காலக் கோட். பெண்களுக்கான சின்ன அளவுகளில் கால் கிலோ, அரைக் கிலோ குறைத்துக் கணக்கிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பரவாயில்லை. மூன்று நான்கு கோட்டுகளை இப்படி நிறுத்துவிட்டால் பிறகு தராசே வேண்டாம், கை சொல்லிவிடும்.

அடுத்து மூன்று சோதனைகள். லைனிங் இல்லாத ஓரத்தையோ, காலரின் கீழ் மடிப்பையோ விளக்குக்கு நேரே பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் காற்றும் வரும். பிறகு ஒற்றைத் துணியாக இருக்கும் இடத்தில் உதடு வைத்து ஊதுங்கள், பின்னால் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு கையில் பட்டால் நெசவு தளர்வு. மெல்டனில் ஊதினால் உங்கள் கன்னம்தான் உப்பும். கடைசியாக ஒரு பிடியைக் கசக்கி ஐந்து வினாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். நல்ல கம்பளி மெதுவாக எழுந்து பழையபடி நிற்கும்.

படி 4: உள்ளே பாருங்கள்

லைனிங் முழுசாக இருக்க வேண்டும், கைக்குள்ளும் இருக்க வேண்டும். வழுவழுப்பான லைனிங் இல்லாவிட்டால் ஸ்வெட்டரோடு கையை நுழைப்பதே போராட்டம். விஸ்கோஸ், குப்ரோ என்று (இரண்டும் தாவர நாரிலிருந்து செய்தவை) இருந்தால் வியர்வையைக் கொஞ்சம் வெளியே விடும். பாலியெஸ்டர் என்றாலும் நான் தள்ளமாட்டேன்.

சில கோட்டுகளில் வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே, இடுப்புவரை ஒரு மெத்தைத் துணி தைத்திருப்பார்கள். முதுகில் கையை வைத்து இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மூன்று அடுக்கு தெரிந்தால் அது இருக்கிறது. இது இருந்தால் வெளித்துணி கொஞ்சம் லேசாக இருந்தாலும் மன்னிக்கலாம். முன்பக்க மார்பில் உள்ளே கான்வாஸ் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா, பசையால் துணி ஒட்டியிருக்கிறார்களா என்பது கோட் எத்தனை வருடம் வடிவம் கலையாமல் இருக்கும் என்பதற்கான கேள்வி. குளிருக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

படி 5: காற்று நுழையும் வழிகளை அடையுங்கள்

கழுத்து, முன்திறப்பு, மணிக்கட்டு, பின்பிளவு, கீழ்விளிம்பு என்று ஐந்து வழிகள் உண்டு.

கழுத்துதான் முக்கியம். காலரைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். காது வரைக்கும் நிற்கிறதா, தொய்ந்து விழுகிறதா? தூக்கிய காலரை முன்னால் இணைக்க ஒரு சின்னப் பட்டையும் பொத்தானும் இருந்தால் மிகவும் நல்லது. பொத்தான்கள் மார்புக்குக் கீழேதான் தொடங்குகின்றன என்றால் மப்ளர் இல்லாமல் அந்தக் கோட் பாதிக் கோட்தான்.

முன்பக்கம் ஒரு வரிசைப் பொத்தானைவிட இரண்டு வரிசைப் பொத்தான் வைத்தது குளிருக்கு நல்லது. மார்பிலும் வயிற்றிலும் கனத்த துணி இரண்டு மடங்காக மூடுகிறது. ஒரு வரிசைதான் பிடிக்கும் என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அகலம் நான்கு விரலாவது இருக்கிறதா என்று பாருங்கள். கை நீளம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரலின் அடிவரை வரவேண்டும். சூட் ஜாக்கெட்டுக்கு மேலே போடும் கை இது, அந்த ஜாக்கெட்டின் கையையும் கையுறையின் வாயையும் மூட வேண்டும்.

பின்பிளவு நடப்பதற்கு வேண்டியது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறியிருக்க வேண்டும். அந்தப் பிளவில் பெருக்கல் குறி போல வெள்ளை நூலில் ஒரு தையல் இருக்கும். அது தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வரும்வரை மடிப்பு கலையாமல் இருக்கப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் கத்தரித்துவிடுங்கள். கையின் விளிம்பில் தைத்த பெயர்ச் சீட்டும் அப்படித்தான், பிரித்துவிட வேண்டியது. நம் ஆட்கள் பலர் இரண்டையும் வைத்தபடியே வருடக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்க்கிறேன். பின்பிளவு தைத்தே இருந்தால் படியேறும்போது துணி இழுபட்டுக் கிழியும்.

படி 6: அளவு

கோட் வாங்கப் போகும் நாளில் உங்களிடமுள்ள தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். டி-ஷர்ட்டோடு போய்ப் போட்டுப் பார்த்து வாங்கிய கோட் ஜனவரியில் பொத்தான் போட முடியாமல் நிற்கும். எல்லாப் பொத்தானையும் போட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல மேலே தூக்கிப் பாருங்கள். முதுகு இழுக்கக் கூடாது. மார்பில் உள்ளே ஒரு கைமுட்டி போகும் அளவு இடம் வேண்டும். இடமே இல்லாத இறுக்கமும் குளிரும்; உள்ளே காற்றுக்கு இடமில்லை அல்லவா.

தோளை மட்டும் எந்தத் தையற்காரரிடமும் சரிசெய்யலாம் என்று நம்பி வாங்காதீர்கள். கை நீளம், கோட் நீளம், இடுப்பு எல்லாம் குறைக்கலாம். தோள் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். கழுத்திலிருந்தே கை தொடங்குகிற ராக்லன் தைப்பில் தோள் தையலே இல்லை என்பதால், சூட் ஜாக்கெட்டின் மேலே போட அது சுகமானது.

புடவை கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தைப்பொங்கல் இங்கே நல்ல குளிரில்தான் வருகிறது. கோயிலுக்கும் விழாக்களுக்கும் பட்டுப்புடவையோடு கிளம்பும்போது இடுப்புவரை வரும் ஜாக்கெட் கொசுவத்தை அழுத்தி முன்னால் தள்ளிவிடும், கீழே கால் விறைக்கும். இடுப்பில் ஒட்டாமல் கீழே விரிந்துபோகிற, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிகிற கோட்தான் புடவைக்குத் தோது. போட்டுப் பார்க்கும்போது தோளில் ஒரு துப்பட்டாவை நான்காக மடித்து வைத்துக்கொண்டு பாருங்கள், முந்தானையின் தடிமன் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போட்டால் வெளியே யாருக்கும் தெரியாது.

படி 7: எங்கே, எப்போது வாங்குவது

கையில் பணம் குறைவாக இருந்தால் புதிய மலிவுக் கோட்டைவிடப் பழைய நல்ல கோட்டை எடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அடுத்தவர் உடுத்தியதா என்று நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு, அது எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு தலைமுறைக்கு முந்தைய கோட்டுகளில் பலவற்றின் துணி இன்றைய கடைகளில் அந்த விலைக்குக் கிடைக்காத கனம். நான் இப்போது போட்டிருப்பது அப்படி ஒரு பழைய மெல்டன்தான், உலர்சலவைக்குக் கொடுத்து வாங்கியதும் புதிது போலாகிவிட்டது.

பழையதில் முதலில் பூச்சி ஓட்டையைத் தேடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காலரின் கீழும், பை மூடிகளின் கீழும், அக்குளிலும் பாருங்கள். ஓர் ஓட்டை தெரிந்தாலும் அந்தக் கோட்டைத் தொட்ட கையோடு வைத்துவிடுங்கள். லைனிங் கிழிந்திருந்தால் அது பெரிய விஷயம் இல்லை, தையற்காரர் மாற்றித் தருவார். அதற்கான கூலியைச் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள். லேபிளே இல்லாவிட்டால் வாங்கி வந்தபின் உள் தையலிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். உருகி உருண்டையானால் அது பாலியெஸ்டர் வகை.

புதிது என்றால் டிசம்பர் 26 பாக்ஸிங் டே தொடங்கி பிப்ரவரி முடிவதற்குள் விலை இறங்கும். நேரம் இருக்கிறவர்கள் ஜனவரி பிற்பகுதியில் போகலாம், ஆனால் நடுத்தர அளவுகள் தீர்ந்துபோயிருக்கும். போட்ட விலையோடு 13 சதவீத வரி சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த நாளில் இந்தக் கோட் போதாது

விண்ட் சில் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அந்த நாட்களில் நான் ஓவர்கோட்டை வீட்டில் விட்டுவிட்டு, தொப்பி வைத்த இறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறேன். ஈரமான ஸ்னோ கொட்டும் நாளும் அப்படியே. ஆனால் மைனஸ் 10, மைனஸ் 12 வரைக்கும் நல்ல மெல்டன் கோட்டும் உள்ளே மெல்லிய கம்பளி ஸ்வெட்டரும் கழுத்தில் மப்ளரும் தலையில் தொப்பியும் இருந்தால் பஸ்ஸுக்கு நிம்மதியாக நிற்கலாம். உள்ளே ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் இரண்டு மெல்லியவை போடுங்கள், அலுவலகத்தில் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

வீட்டுக்கு வந்தபின்

ஸ்னோவை வாசலிலேயே உதறிவிட்டு, அகலத் தோள் ஹேங்கரில் மாட்டிக் காயவிடுங்கள். ஹீட்டர் மேலே போடவே கூடாது. நடைபாதையில் கொட்டும் உப்பு கீழ்விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி, வெள்ளை வினிகரை நீரில் கலந்து துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். குதிரைமுடி பிரஷ் ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை மேலிருந்து கீழாகத் தேய்த்தால் உலர்சலவை வருடத்துக்கு ஒருமுறை போதும்.

ஏப்ரலில் கோட்டைச் சுத்தம் செய்யாமல் அலமாரியில் தள்ளாதீர்கள். துணி அந்துப்பூச்சியின் புழு கம்பளியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்கிறது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம்தான் அதற்கு முதல் விருந்து. உலர்சலவை முடித்து, கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, ஜிப் வைத்த துணிப்பையில் மாட்டுங்கள். தேவதாரு மர உருண்டையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பழைய கோட் வாங்கி வந்தவர்கள், சந்தேகம் இருந்தால் அதைப் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்த பிறகே மற்ற உடுப்புகளோடு சேருங்கள்.